அறுபதாம் கல்யாணத்துச் சாக்லேட்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் முழுக்கக் காய்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் மலையாள ஊரில் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்து வீடுகள் ஒன்றன் சுவரில் மற்றொன்று சாய்ந்து நிற்பவை. வெயில் முன்வாசலில் ஒரு முழமும் கிணற்றடியில் ஒரு முழமும் விழுந்துவிட்டுப் போய்விடும். போதாததற்கு அம்மா. அடுப்பு மூட்டுவதற்கு முன் ஜலம், பாத்திரத்தைக் கையில் எடுத்தால் ஜலம், கடையிலிருந்து எது வந்தாலும் அது சமையலறைக்குள் நுழையுமுன் விரல் நுனியால் நாலு துளி. கடைக்காரன் என்ன தொட்டானோ, பக்கத்து மூட்டையில் என்ன இருந்ததோ என்ற சந்தேகத்துக்கு அந்த நாலு துளிதான் பரிகாரம். அம்மாவின் கைகள் காய்ந்திருந்தது அவள் உறங்கிய நேரத்தில் மட்டும் என்று நினைக்கிறேன்.

சாக்லேட்டுக்கு ஆகாத ஒன்று ஜலம். உருகிய சாக்லேட் கரண்டியிலிருந்து நாடா போல் பளபளவென்று இறங்கும். அதில் ஒரு துளி ஜலம் பட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மணல் மணலாகத் திரண்டு, பளபளப்பு போய், சேறாக நின்றுவிடும். பிறகு அதை எதன்மேலும் பூச முடியாது.

அப்படிப்பட்ட வீட்டில் அப்படிப்பட்ட பண்டத்தை ஏழு வருஷம் பிசகாமல் செய்தவள் என் அக்கா.

கல்லூரியில் மனையியல் படித்தபோது அவள் அதைக் கற்றுக்கொண்டாள். அவளுடன் படித்தவர்கள் கேக் செய்தார்கள். எங்கள் வீட்டில் முட்டை வராது. சாக்லேட் செய்யட்டுமா என்று அவள் கேட்டபோது அம்மா நடத்திய விசாரணை எனக்கு நினைவிருக்கிறது.

"முட்டை உண்டோ?"

"இல்லை."

"அரிசி?"

"அரிசியும் இல்லை, கோதுமையும் இல்லை."

"அப்போ பத்து இல்லை. பக்ஷே என் அடுப்பிலே வேண்டாம். மாடியிலே வெச்சுப் பண்ணிக்கோ."

பத்து என்பது வெந்த அரிசியும் கோதுமையும் தொட்டால் ஒட்டும் தீட்டு. மாடிதான் அக்காவுக்கும் வேண்டியிருந்தது. மாடியறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாத்திரங்கள், ஒரு முள்கரண்டி, பட்டர் பேப்பர். சாலைக் கடைத்தெருவில் பேக்கரிக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடையிலிருந்து பழுப்புக் காகிதம் சுற்றிய சாக்லேட் பாளங்களை அவளே வாங்கி வந்து, சமையலறைப் பக்கம் காட்டாமல் நேரே மாடிக்குக் கொண்டுபோவாள். முந்திரியை வறுத்துப் பொடித்து, பேரீச்சம்பழமும் சுண்டிய பாலும் சேர்த்து நெல்லிக்காய் அளவில் உருட்டி, ஒவ்வொன்றாகச் சாக்லேட்டில் முக்கி எடுப்பாள். ஈரக்கையோடு யாரும் மாடி ஏறக்கூடாது. படியின் தலைப்பில் நின்றுகொண்டு வருகிறவர்களின் உள்ளங்கையைப் பரிசோதிப்பாள். தலைமைச் செயலகத்தில் முப்பது வருஷம் பைல் பார்த்த அப்பாவும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே போவார். முதல் உருண்டை அவருக்கு. ரிட்டயர்மெண்ட் அன்று ஆபீசில் நடந்த டீ பார்ட்டிக்கு ஒரு டின் நிறைய எடுத்துப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் அவருடைய பழைய ஆபீஸ்காரர்கள் அதைக் கேட்டு வாங்கித் தின்றார்கள்.

எட்டாவது வருஷம் அக்கா வீட்டைவிட்டுப் போனாள். அவளோடு வேலை பார்த்தவர், விழிஞ்ஞம் கடற்கரையில் வலை இழுக்கும் ஒருவரின் மகன். கிறிஸ்தவர். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, சாயங்காலம் ஒரு கடிதம் அனுப்பினாள். அப்பா அதைப் படித்து முடித்து, மடிப்புக் கலையாமல் உறையில் திரும்பப் போட்டார். மறுநாள் காலை கிணற்றடிக்குப் போய் உடுத்திய வேஷ்டியோடு தலையில் ஜலம் விட்டுக்கொண்டார். பின்னால் அம்மா. அதற்குப் பின்னால் நான். செத்தவர்களுக்குச் செய்வது அது. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அம்மா சொம்பை என் கையில் கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன். ஒரு சொம்புதான். பாதி தலையிலும் பாதி தோளிலும் விழுந்தது. அன்று பிற்பகல் ஈரத் தலையோடு கல்லூரிக்குப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, காவியத்தின் உறுப்புகளைப் பற்றிய ஒரு வகுப்பில் குறிப்பு எடுத்தேன். அந்தக் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பிழைகூட இல்லை.

அதன் பிறகு அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனால் அம்மா காபிக்கு நாலு பேருக்கான டிகாக்‌ஷனையே இறக்கிக்கொண்டிருந்தாள். மூன்று தம்ளர்களில் ஊற்றுவாள். மிச்சத்தை மாலைவரை மூடி வைத்திருந்து கிணற்றடியில் கொட்டுவாள். மாடியறையில் யாரும் படுப்பதில்லை. பரீட்சைக்குப் படிக்க நான் மட்டும் போவேன். போகும்போது படித்தலைப்பில் என்னையறியாமல் உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொள்வேன்.

அவள் இருந்ததோ இதே ஊரில். ஒன்றரை வருஷத்தில் மூன்று முறை அவளைப் பார்த்தேன். மூன்றும் பஸ் நிறுத்தத்தில். நாங்கள் தலைமுழுகியவள் கையில் குடையோடு பஸ்ஸுக்கு நின்றாள்; ஒருமுறை என்னைப் பார்த்துக் குடையைச் சற்றே உயர்த்தினாள். நான் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது போகும் இடம் எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு மார்கழியில் அறுபது நிறைந்தது. காலையில் ஹோமம், கலசாபிஷேகம். நாலு மணிக்குப் பழைய ஆபீஸ் நண்பர்களுக்குச் சிறு டிபன். ஒரு வாரம் முன்பு அப்பா காகிதத்தில் பட்டியல் எழுதிக்கொண்டே அம்மாவிடம் படித்துக் காட்டினார்.

"வடை, கேசரி, காபி. பின்னே அந்தச் சாக்லேட்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "எந்தச் சாக்லேட்?"

"எந்தச் சாக்லேட்டா? அவா எப்பவும் கேக்கறது."

"அதெல்லாம் இப்போ ஆரு பண்றா?"

அப்பா தலை நிமிரவில்லை. "இவ பண்ணட்டும்," என்றார். 'இவ' என்றது என்னை.

எனக்குச் செய்யத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஏழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பட்டர் பேப்பர் வெட்டிக் கொடுத்தவள் நான். பாளங்கள் மூன்று வாங்கி வந்தேன். மாடியறையில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அத்தை இறங்கியிருந்தாள். ஆகவே சமையலறையின் ஓரத்தில் ஸ்டவ் வைத்தேன். சாக்லேட் உருகியது, பளபளத்தது, முதல் உருண்டையைப் போடுவதற்குள் திரண்டு சேறானது. மறுநாள் பாத்திரத்தை வெயிலில் காயவைத்து, துணியால் மூன்றுமுறை துடைத்து, மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி சேறு. முதல் நாள் ஒன்றும் அன்று பாதியுமாக ஒன்றரைப் பாளம் போயிற்று.

அத்தை எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, களி கிண்டறியா? எங்க ஊர்ல அறுபதுக்கு அதிரசம் பண்ணுவா. இங்கே என்னத்தையோ கறுப்பாக் காச்சிண்டு."

"சும்மா இருங்கோ, அவளே பாவம்," என்றாள் அம்மா.

"நான் ஒண்ணும் சொல்லலை. வர்றவாளுக்குக் கரண்டியிலே எடுத்துக் கையிலே வெச்சுடு. பிரசாதம்னு சொல்லு."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். விசேஷத்துக்கு மூன்று நாள் இருந்தது. மிச்சமிருந்த ஒன்றரைப் பாளத்தைக் காகிதத்தில் சுற்றி, முந்திரி உருண்டைகளை டின்னில் அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு, லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கால் தம்பானூர் பக்கம் போயிற்று. அக்காவின் வீட்டை நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் எந்தச் சந்தில் அவள் திரும்புவாள் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒருநாள் பின்னாலேயே போயிருக்கிறேன். அதை மேலே எழுதாமல் விட்டேன்.

கதவைத் திறந்தவளுக்கு ஆறு மாத வயிறு. நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவளும் என்னை எதிர்பார்க்கவில்லை.  பின்னாலிருந்த தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி நீளமாகப் போய் முடியும்வரை பேசாமலிருக்க ஒரு காரணம் கிடைத்தது.

"சாக்லேட் திரிஞ்சு போறது," என்றேன்.

அவள் என் பையைப் பார்த்தாள். "அப்பாவோட அறுபதுக்கா?"

"ம்."

"ஆரு பண்ணச் சொன்னா?"

"அப்பா."

அவள் உள்ளே போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "எங்கே வெச்சுப் பண்ணினாய்?"

"சமையலுள்ளிலே. பாத்திரத்தை வெயில்லே வெச்சேன். மூணுதரம் தொடச்சேன். சத்தியமா ஒரு பொட்டு ஜலம் இல்லை."

"பாளத்தை எங்கே வெச்சிருந்தாய்?"

"சமையலுள் அலமாரியிலே."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் சிரித்தாள். "ஏடி அசடே, அம்மா தெளிச்சிருப்பா. கடைச் சாமானாக்கும். ஒனக்குத் தெரியாதபடி நாலு துளி, ரெண்டு நாளும். நீ பாத்திரத்தைத் தொடச்சாய், அம்மா கையை நோக்கினாயோ?"

நான் நோக்கவில்லை. அத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. அவள் ஏன் பாளங்களை நேரே மாடிக்குக் கொண்டுபோனாள் என்பதும் அந்த நிமிஷம்தான் விளங்கியது. நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றபோது நான் ஒரு கேள்விக்குக் காத்திருந்தேன்: கிணற்றடியில் நீயும் விட்டுக்கொண்டாயா என்று. அவள் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

"இங்கே வெச்சுட்டுப் போ," என்றாள். "நான் பண்ணி வைக்கறேன். பக்கத்தாத்திலே பிரிட்ஜ் இருக்கு. அன்னிக்கு மத்தியானம் வந்து எடுத்துண்டு போ."

"நான் ஆத்துக்கே கொண்டுபோய்—"

"அம்மா திரும்பத் தெளிப்பா. வேண்டாம். அப்பாவோட அறுபதுக்கு நான் ஒண்ணும் பண்ணலைன்னு ஆகவேண்டாம்."

பாளத்தை உலர்ந்த துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு அவள் அப்போதே ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். நான் பட்டர் பேப்பர் வெட்டினேன். சிறு வயதில் அக்காவுக்கு இடக்கைப் பழக்கம். நாலு வயதிலேயே அந்தக் கையைத் துணியால் கட்டிப்போட்டு, சாப்பிடவும் எழுதவும் வலக்கைக்குப் பழக்கிவிட்டார்கள். சாக்லேட் மட்டும் சாதமும் இல்லை, சரஸ்வதியும் இல்லை என்று சொல்லி அதை இடக்கையால் செய்வாள். உருண்டையை முள்கரண்டியில் ஏந்தி முக்கி எடுத்து, காகிதத்தில் இறக்கி, உச்சியில் கரண்டி நுனியால் ஒரு சுழி போடுவாள். அந்தச் சுழியின் வால் இடப்பக்கம் திரும்பும். வலக்கைக்காரர் யார் போட்டாலும் மறுபக்கம்தான் திரும்பும். முப்பது, நாற்பது என்று வரிசை வரிசையாக அவை ஒரே திக்கில் தலை திருப்பி உட்கார்ந்திருந்தன.

நான் புறப்படும்போது அவள் வாசல்வரை வந்தாள்.

"ஆராவது கேட்டா நீ பண்ணினதுன்னே சொல்லு. அம்மா கேட்டாலும் அப்படியே. அப்பா கேட்டா மட்டும் மறைக்காதே."

"அப்பா கேக்கமாட்டார்."

"கேக்கலைன்னா நீ வாயைத் தொறக்கவேண்டாம். கேட்டார்னா சொல்லு. சொன்னதுக்கு அப்புறம் அவர் வேண்டாம்னு சொல்லலைன்னா, நான் வரேன். கொழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நமஸ்காரம். உள்ளே ஏறணும்னுகூட இல்லை, நடையிலே நின்னு பண்ணினாப் போறும்." பிறகு, யாரோ இன்னொருவருக்காகச் சிபாரிசு செய்வதைப்போல, "வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லை. அதுவும் நினைவிருக்கிறது.

அன்று காலை ஹோமப் புகையில் எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் மணையில் உட்கார்ந்தார்கள். கலச ஜலத்தைப் பிள்ளைகள் எடுத்து ஊற்றவேண்டும். சாஸ்திரிகள், "குழந்தைகள் வாங்கோ," என்று பன்மையில் கூப்பிட்டுவிட்டு, நான் மட்டும் எழுந்ததைப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் ஊற்றினேன். ஜலம் அவர் நெற்றியிலிருந்து மூக்கின் வழியே இறங்கியது. எத்தனை நேரம் ஊற்றினேன் என்று தெரியவில்லை. "போறும்மா, போறும்," என்று சாஸ்திரிகள் என் கையைத் தடுத்தார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் தலை சாய்த்த நேரத்தில், வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லித் தம்பானூருக்குப் போய் டின்னை எடுத்துவந்தேன். அக்கா அதை ஈரமில்லாத துவாலையில் சுற்றியிருந்தாள். "நான் இங்கேதான் இருப்பேன்," என்றாள். நான் டின்னுக்குக் குடை பிடித்தேன். வெயில் என் தலையில் விழுந்தது.

நாலு மணிக்கு அவர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் ரிட்டயரானவர்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, முன்பு வேலை பார்த்த காலத்துப் பதவி வரிசையிலேயே பேசினார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பாவுக்குக் கீழே சூபரிண்டென்டாக இருந்தவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று முடித்தார்.

"பண்டு தின்ன அதே ருசி, சாரே," என்றார். "ஒரு மாற்றமும் இல்ல."

அப்பா தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். வாயில் போடவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். உச்சியிலிருந்த சுழியைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்த மற்றவற்றைப் பார்த்தார். நான் அவருக்கு எதிரே ஒரு கை தூரத்தில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் அத்தை காபித் தம்ளர்களோடு நின்றாள்.

"இது நீ பண்ணினதா?" என்றார்.

கேட்கமாட்டார் என்று நான் நம்பிய கேள்வி அது. அவர் குரலில் கோபம் இல்லை. முப்பது வருஷத்தில் அவர் போட்ட கையெழுத்துகளைப்போல, தெளிவாக, அவசரமில்லாமல் கேட்டார். பதில் அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. என் வாயால் அது வரவேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"ஆமாப்பா," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீயேவா?"

"நானேதான்."

உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். சூபரிண்டென்ட், "மிடுக்கி," என்று என்னைப் பாராட்டினார். நான் தட்டை அடுத்தவரிடம் நீட்டினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் பல தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். பயம் என்று ஒருமுறை எழுதினேன். அத்தை அருகில் நின்றாள், எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், மங்கள நாள். அவையெல்லாம் உண்மை. ஆனால் அப்பா இரண்டாம் முறை கேட்டார். இரண்டாம் முறைக்கு அந்தக் காரணங்கள் போதவில்லை. ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் நான் ஒரே பெண்ணாக இருந்திருக்கிறேன். நான் படிக்கும்போது அப்பா விளக்கை என் பக்கம் தள்ளி வைக்கத் தொடங்கியிருந்தார். இதை எழுதிவிட்டு அடித்தேன்; அடித்ததற்கு மேலே மறுபடி எழுதினேன்.

மறுநாள் காலி டின்னைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள். அது முதல்நாள் கட்டியது என்பது கொசுவத்தின் கசங்கலில் தெரிந்தது.

"எல்லாருக்கும் பிடிச்சுதோ?"

"ஒண்ணு மிச்சமில்லை."

"அப்பா?"

"ரெண்டு எடுத்துண்டார்."

"கேட்டாரோ?"

"இல்லை," என்றேன்.

அவள் டின்னின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூலையில் ஒட்டியிருந்த சாக்லேட்டை நகத்தால் சுரண்டி வாயில் வைத்துக்கொண்டாள். "சாரமில்லை, போனாப் போறது," என்றாள். "நீ காபி குடிச்சுட்டுப் போ."

குடித்தேன். அது எங்கள் வீட்டுக் காபியாகவே இருந்தது.

அடுத்த மாதம் அவள் கணவருக்குக் கோழிக்கோட்டுக்கு மாற்றலாயிற்று. போவதை எனக்கு ஒரு கார்டில் கல்லூரி விலாசத்துக்கு எழுதினாள். பிறகு இன்னொரு கார்டு: பெண் குழந்தை, இருவரும் சுகம். அந்தக் கார்டுகள் என் பாடப் புத்தகங்களுக்குள் இருக்கின்றன. அப்பாவுக்குத் தான் தாத்தாவான செய்தி தெரியாது.

பங்குனியில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அப்பா என்னிடம் சொன்னார்: "அந்தச் சாக்லேட்டை இன்னொரு தரம் பண்ணேன்."

"எதுக்குப்பா? ஆராவது வராளா?"

"ஆரும் வரலை. வெறுதே. நான் பாக்கணும்."

தின்னவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எச்சில் இலையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

அந்த வார்த்தையிலேயே எனக்கு எல்லாம் புரிந்தது. அவர் இன்னும் நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அந்தச் சாட்சியை என்னிடமே கேட்டார். என் வலக்கை எப்படிச் செய்யுமோ அப்படிச் செய்து அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தால் போதும். வால் மறுபக்கம் திரும்பியிருக்கும். நான் ஒரு வார்த்தையும் பேசவேண்டியதில்லை. என் பொய்யை என் கையே சொல்லிவிடும். கோழிக்கோட்டுக்கு ஒரு கடிதம் போகும்.

நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். பரீட்சை இருக்கிறது என்றேன்.

அந்த வாரம் முழுக்க மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தட்டில் மைதாக் கூழைப் பரப்பி, இடக்கையில் முள்கரண்டியைப் பிடித்துச் சுழி போட்டுப் பழகினேன். முதல் நாள் கோடு கோழி கீறியதைப்போல வந்தது. தட்டைத் தேய்த்து மறுபடி போட்டேன். மூன்றாம் நாள் வால் திரும்பியது, ஆனால் அளவுக்கு மீறி நீண்டது. ஐந்தாம் நாள் நான் யோசிக்காதபோது சரியாக வந்தது, யோசித்தால் தப்பியது. எனவே யோசிக்காமலிருக்கப் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டேன். அறையில் ஒரு பழைய ஈயம் பூசிய பாத்திரம் இருந்தது. அதன் பக்கவாட்டில் என் பிம்பம் தெரிந்தது. இடக்கையால் குனிந்து சுழி போடும் ஒரு பெண், தோள் ஒருபக்கம் உயர்ந்து, நாக்கு நுனி பல்லிடுக்கில். நாக்கை அப்படி வைத்துக்கொள்கிறவள் நான் இல்லை, அக்கா. அதன்பின் பாத்திரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தொடர்ந்தேன்.

ஏழாம் நாள் காலை அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் செய்து முடித்தேன். பாளத்தைச் சமையலறைக்குக் காட்டவில்லை. ஒரு துளிகூடப் படவில்லை. சாக்லேட் நாடாவாக இறங்கியது. இருபது உருண்டைகள்.

அப்பா திரும்பி வந்து, நெற்றியில் சந்தனம் காயாமல், ஹாலில் உட்கார்ந்தார். தட்டை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் உருண்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார். இரண்டாவதை எடுத்தார். பிறகு தட்டையே கையில் எடுத்து, ஜன்னலருகில் கொண்டுபோய், வரிசை வரிசையாகப் பார்த்தார். இருபதும் இடப்பக்கம் திரும்பியிருந்தன. அத்தனை கவனமாக அவர் எந்தக் காகிதத்தையும் பார்த்து நான் கண்டதில்லை. ஒன்றாவது மாறியிருக்கும் என்று அவர் தேடினார் என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன். அப்போது, சரியாக வந்திருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ நீதான் பண்ணினதாக்கும்," என்றார்.

"ஆமாப்பா."

"நான் வேற என்னமோ நினைச்சேன்."

தட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தார். மணி காலை ஒன்பதுகூட ஆகவில்லை.